ஊரிகத்திலிருந்து கல்லூரி தேடியவர்கள்: அறிவியல் துறையை எதைக் கொண்டு எடைபோடுவது?

1965 ஆகஸ்ட் 15 தேதியிட்ட ‘பிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழில் சிறியதோர் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஹீத்கோட் சாஃப்டின் வழியே இறங்கி அடையும் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்கள் பாறையோடு மோதி உண்டாக்கிய மியூவான்கள் பதிவாகியுள்ளன என்பது அதன் செய்தி. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் பிரெடரிக் ரைன்ஸ் குழுவினரும் அதே தேடலில் இருந்தனர். அவர்களுடைய முதல் நிகழ்வு அவ்வாண்டு பிப்ரவரியிலேயே பதிவாகிவிட்டது. கட்டுரை மட்டும் கோலார்க் கட்டுரைக்கு இரண்டு வாரம் கழித்து அச்சேறியது. முந்தியவர் யார் என்னும் வழக்கை இயற்பியலாளர்கள் தமக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். இங்கே கவனிக்கவேண்டியது வேறொன்று. கட்டுரையில் கையொப்பமிட்ட பதினொருவரும் பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் ஆகிய மூன்று இடங்களைச் சேர்ந்தவர்கள். தங்கவயலின் முகவரியைக் கொண்ட பெயர் அதில் இல்லை.

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளைப்பாதையில் ஊரிகத்தை அடுத்து வரும் நிலையம் சாம்பியன். 1894 முதல் அப்பாதை இயங்கிவருகிறது. ஊரிகத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் மாரிக்குப்பத்திலும் லைன் வீடுகளில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதித் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்கள் வெட்டிய ஆழம் இருந்ததாலேயே அந்த ஆய்வு நிகழ்ந்தது. கருவிகளைச் சுமந்து இறங்கிய கூண்டை இயக்கியவர்களும் அவர்களே. அவர்களுடைய பிள்ளைகளுள் ஒருவர் அந்த ஆய்வகத்தினுள் ஆராய்ச்சியாளராக நுழைய வேண்டுமாயின், முதலில் எங்கேனும் நல்லதோர் இயற்பியல் துறையில் பி.எஸ்ஸி. படித்திருக்க வேண்டும். அத்தகைய துறை எது, அதை வெளியிலிருந்து எப்படி அறிவது என்பதைச் சொல்லித்தர லைன் வீட்டில் யாரும் இலர். வீட்டில் ஒருவரும் கல்லூரி வாசலை மிதித்திராத மாணவர்க்கு இன்றும் நிலைமை அதுவே. கல்லூரியின் பெயரை அறிவது எளிது. துறையின் தரத்தை அறிவது கடினம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தென்னிந்தியாவில் எவ்வாறு உருவாயிற்று, யார் யார் அதைக் கண்டுகொண்டார்கள் என்பதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

தங்கவயல் மக்கள் அறிவை நாடாதவர்கள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் சென்னைக்கு வெளியே ஆழமாக வேரூன்றிய இடங்களுள் முதன்மையானது மாரிக்குப்பம். ‘தமிழன்’ இதழ் பண்டிதரின் மறைவுக்குப் பின் நின்றுபோய், 1920களின் பிற்பகுதியில் ஜி. அப்பாதுரையாரின் முயற்சியால் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. சாம்பியன் ரீஃப்ஸின் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. சுரங்கத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து பணம் திரட்டி நூல் பதிப்பித்த ஊர் அது. ஆனால் நூலுக்கும் ஆய்வுக்கருவிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நூலை இரண்டணாவுக்கு வாங்கி விளக்கொளியில் படித்துவிடலாம். ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்கலாம். நிறமாலைமானியையோ நுண்ணோக்கியையோ அப்படி வீட்டுக்குக் கொண்டுவர இயலாது. வரலாறும் சமயமும் இலக்கியமும் தம் முயற்சியால் கற்ற ஒரு சமூகத்துக்கு அறிவியல் மட்டும் கல்லூரியின் வாசலில் கட்டுண்டு கிடந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

கல்லூரியின் அறிவியல் துறையை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்ற கேள்விக்கு இந்தியாவில் சட்டம் சொன்ன விடை 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தில் உள்ளது. கர்சன் பிரபு கொண்டுவந்த அச்சட்டத்தைத் தேசிய இயக்கத்தார் கடுமையாக எதிர்த்தனர்; பல்கலைக்கழகங்களை அரசின் பிடிக்குள் கொண்டுவரும் சூழ்ச்சி என்று சொன்னார்கள். அக்குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. ஆயினும் கல்லூரிகளை இணைப்பதற்கு அது வகுத்த நிபந்தனைகளை இன்று படிக்கும்போது வியப்பே உண்டாகிறது. ஆசிரியர்களின் தகுதி, கட்டடம், நூலகம், பண வளம் ஆகியவற்றோடு, செய்முறை அறிவியல் எதையேனும் கற்பிக்க விரும்பும் கல்லூரி அப்பாடத்துக்குரிய கருவிகளோடு கூடிய ஆய்வுக்கூடமோ அருங்காட்சிக்கூடமோ வைத்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. கல்லூரிகளை அவ்வப்போது ஆய்வு செய்யவேண்டும் என்றும் கட்டளையிட்டது. இதில் நுட்பமானது ஒன்று: இணைப்பு என்பது கல்லூரி முழுமைக்கும் ஒரே மூச்சில் தரப்படாமல் பாடம் பாடமாகத் தரப்படலாயிற்று. ஒரு கல்லூரி கணிதத்தில் பட்டம்வரை கற்பிக்கலாம், வேதியியலில் கற்பிக்கக் கூடாது என்ற நிலை ஏற்பட்டது. துறை என்பதே மதிப்பீட்டின் அலகு என்ற எண்ணம் அங்கே இருந்தது. பின்வந்த மதிப்பீட்டு முறைகள் அதைப் பெரிதும் தொலைத்துவிட்டன.

அக்காலச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கல்லூரிகள் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று பிரிக்கப்பட்டிருந்தன. பட்டம்வரை கற்பிப்பது முதல் நிலை, எஃப்.ஏ. வகுப்போடு நிற்பது இரண்டாம் நிலை. அவ்வளவே பொருள். இச்சொல் கர்நாடகத்தில் இன்னும் வாழ்கிறது. தங்கவயல் உட்பட அம்மாநிலத்தின் ஊர்தோறும் அரசுக் கல்லூரிப் பெயர்ப்பலகையில் ‘ஃபர்ஸ்ட் கிரேடு காலேஜ்’ என்று காணலாம். முதல் தரமான கல்லூரி என்று பெற்றோர் பலர் அதைப் படித்துக்கொள்கின்றனர். நூறாண்டுக்கு முந்தைய அலுவலகச் சொல் ஒன்று இன்றைய விளம்பரத்தின் வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

சட்டத்தின் பட்டியலை நிறைவேற்றிய கல்லூரிகள் எல்லாம் நல்ல துறைகளைப் பெற்றிருந்தனவா? இல்லை என்பதற்கும், நிறைவேற்றியதற்கு மேலே எது தேவைப்பட்டது என்பதற்கும் சென்னை மாநிலக் கல்லூரியின் வரலாறு சான்று. சி.வி. ராமன் 1903இல் அங்கே சேர்ந்து 1904இல் பட்டம் பெற்றார். அக்காலச் சென்னையில் இயற்பியலுக்கும் பி.ஏ. பட்டமே. 1907இல் எம்.ஏ. முடித்தார். அத்துறையில் ஆராய்ச்சி மரபு என்று சொல்லத்தக்கது எதுவும் அன்று இல்லை. ராமனுக்கு ஆய்வு வழிகாட்டி என்று ஒருவரும் இலர். ஆனால் பேராசிரியர் ஜோன்ஸ், இம்மாணவனை வகுப்புகளுக்குக் கட்டிப்போடாமல் ஆய்வுக்கூடத்தில் விருப்பம்போல் உலவவிட்டார். நிறமாலைமானியில் பட்டகத்தின் கோணத்தை அளக்கும் வழக்கமான பயிற்சியின்போது கண்ட ஒளிப்பட்டைகளைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1906இல் ‘பிலாசஃபிகல் மேகசின்’ இதழில் ராமன் தம் முதல் கட்டுரையை வெளியிட்டார். அப்போது அவருக்கு 18 வயது. கருவி இருந்தது என்பதை ஆய்வுக்குழு எழுதிவைத்திருக்கும். பூட்டு திறந்திருந்தது என்பதை எந்தக் குழுவும் எழுதிவைப்பதில்லை.

கால்நூற்றாண்டு கழித்து அதே கல்லூரியில் அதே கதை வேறு வடிவில் நடந்தது. எஸ். சந்திரசேகர் 1930இல் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடித்தார். 1928இல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டை அவர் விடுதிக்கே சென்று சந்தித்ததும், தாம் அரும்பாடுபட்டுக் கற்ற குவாண்டம் கொள்கை பழையதாகிவிட்டது என்று அவர் வாயாலேயே கேட்டதும், உலோகங்களின் எலக்ட்ரான் கொள்கை பற்றிய அவருடைய அச்சுப்படிகளைப் பெற்றுவந்ததும் பலரும் அறிந்தவை. மறு ஆண்டே இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் சந்திரசேகரின் கட்டுரை வெளியாயிற்று. அவர் அப்போது இளநிலை மாணவர். இதிலும் மாநிலக் கல்லூரியின் பங்கு நேரடியானதன்று. நகரம் உலகத்தோடு தொடர்பு கொண்டிருந்தது. நூலகத்தில் நூல்கள் கிடைத்தன. மாணவன் பாடத்திட்டத்துக்கு வெளியே போவதைத் தடுக்க யாரும் முனையவில்லை. தடுக்காமை என்பதும் ஒரு துறையின் தகுதிகளுள் வைக்கத்தக்கதே.

இந்த இரு பெரியவர்களையும் காட்டி மாநிலக் கல்லூரி இயற்பியல் துறையைப் புகழ்வது வழக்கம். அதில் ஓர் இடர் உண்டு. பிராமண நடுத்தர வகுப்பில், கற்றோர் குடும்பத்தில், வீட்டிலேயே அறிவியல் நூல்களோடு வளர்ந்த இளைஞர்களுக்குத் திறந்த பூட்டு போதுமானதாக இருந்தது. ராமனின் தந்தையார் கல்லூரி ஆசிரியர். லைன் வீட்டிலிருந்து வரும் மாணவர்க்குக் கதவு திறந்திருப்பதோடு, உள்ளே அழைத்துக் கருவியைக் கையில் கொடுக்கும் ஒருவரும் வேண்டும். ஆகவே மேதைகளின் எண்ணிக்கையைக் கொண்டு துறையை அளப்பது பிழையான அளவுகோல். நடுத்தர மாணவனை அது எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று கேட்பதே முறை.

பெண்களுக்கோ கேள்வி இன்னும் அடிப்படையானது: அத்துறை அவர்களுக்குத் திறந்திருக்கிறதா? இ.கே. ஜானகி அம்மாள் சென்னை இராணி மேரிக் கல்லூரியில் பட்டம் பெற்றபின், தாவரவியலில் ஆனர்ஸ் படிப்பதற்கு மாநிலக் கல்லூரியை நாட நேர்ந்தது. 1921இல் அப்பட்டம் பெற்றார். அன்னா மாணியும் மாநிலக் கல்லூரியிலேயே இயற்பியலும் வேதியியலும் பயின்று 1939இல் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடித்து, மறு ஆண்டு பெங்களூரில் ராமனிடம் ஆய்வுக்குச் சென்றார். பின்னாளில் இந்திய வானிலைத் துறைக்கான கருவிகளை உள்நாட்டிலேயே செய்யவைத்த அவருடைய வாழ்க்கை, கருவியோடு பழகிய கல்வி என்ன தரும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தங்கவயலுக்கு அருகிலிருந்த பெரிய கல்லூரி பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி. 1858இல் உயர்நிலைப் பள்ளியாகத் தொடங்கி 1875இல் இப்பெயர் பெற்றது. விசுவேசுவரய்யாவும் இராஜாஜியும் அங்கே பயின்றவர்கள். 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தபோது கலைப் பாடங்களுக்கு மைசூர் மகாராஜா கல்லூரியும் அறிவியலுக்குச் சென்ட்ரல் கல்லூரியும் தலைமையிடங்களாயின. 1928 மார்ச் 16ஆம் நாள் தென்னிந்திய அறிவியல் சங்கத்தின் கூட்டத்தில் ராமன் தம் புதிய கதிர்வீச்சைப் பற்றிய புகழ்பெற்ற உரையை ஆற்றியது இக்கல்லூரியில்தான்.

உரை நிகழ்ந்த மண்டபம் பெருமைக்குரியது. ஆனால் ஒரு மாணவர்க்கு அதைவிட முக்கியமான செய்தி, அக்கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் பி. வேங்கடேசாச்சார் நிறமாலையியலில் தொடர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பது. அவரும் எல். சிபையாவும் நிறமாலைக் கோடுகளின் மீநுண் அமைப்பை ஆராய்ந்து, இரிடியத்தின் ஐசோடோப்புகள் குறித்து 1935இல் எழுதிய கட்டுரை, ராமன் முந்திய ஆண்டு பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியானது. கல்லூரியொன்றின் ஆசிரியர்கள், இளநிலை மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே, உலகம் படிக்கத்தக்க ஆய்வைச் செய்தார்கள். இதை அறிய எவரும் கல்லூரிக்குள் நுழைய வேண்டியதில்லை. இதழைப் புரட்டினாலே போதும். ஆனால் பள்ளியிறுதி முடித்த மாணவனுக்கு அவ்விதழ் இருப்பது தெரியுமா என்பதுதான் சிக்கல்.

நஞ்சன்கூட்டில் பிறந்த பி.வி. ஸ்ரீகண்டன் அத்துறையில் சேர்ந்து 1946இல் இயற்பியலில் ஆனர்ஸும் 1947இல், வயர்லெஸ் சிறப்புப் பாடத்தோடு, எம்.எஸ்ஸி.யும் முடித்தார். இந்திய அறிவியல் நிறுவனத்தில் சிறிது காலம் இருந்துவிட்டு 1948இல் டாட்டா நிறுவனத்தில் ஹோமி பாபாவிடம் சேர்ந்தார். 1951இல் பாபா அவரைக் கோலார்ச் சுரங்கங்களுக்கு அனுப்பினார். காஸ்மிக் கதிர்களின் மியூவான்கள் பாறையைத் துளைத்து எவ்வளவு ஆழம்வரை செல்கின்றன என்று அளப்பது பணி. எண்ணிகளையும் மின்னணுச் சுற்றுகளையும் கடையில் வாங்கமுடியாத காலம். தாமே செய்துகொள்ள வேண்டும். வயர்லெஸ் படித்த கை அங்கே பயன்பட்டது. பிறகு பத்தாண்டுகளில் எஸ். நாராணன், பி.வி. ரமண மூர்த்தி, வி.எஸ். நரசிம்மம், ஒசாகாவின் மியாகே முதலியோர் சேர்ந்து படிப்படியாக ஆழத்தைக் கூட்டிச்சென்றனர். ஏறத்தாழ 2,760 மீட்டர் ஆழத்தில் வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. மேலிருந்து வரும் மியூவான்களை அவ்வளவு பாறையும் வடிகட்டிவிட்டது; இனி ஏதேனும் பதிவாகுமாயின், குறிப்பாகப் பக்கவாட்டில் வருமாயின், அது நியூட்ரினோ உண்டாக்கியதாகவே இருக்க வேண்டும். ஒன்றும் பதிவாகாத அந்த வெறுமையே நியூட்ரினோச் சோதனைக்குத் துணிவு தந்தது. ஒளிரும் பிளாஸ்டிக் தகடுகளையும் நியான் குழாய்களையும் சுவர்போல நிறுத்திக் காத்திருந்ததன் விளைவே தொடக்கத்தில் சொன்ன 1965ஆம் ஆண்டுக் கட்டுரை.

அக்கட்டுரையின் இன்னோர் ஆசிரியரான எம்.ஜி.கே. மேனன் வந்த வழி முற்றிலும் வேறு. மங்களூரில் பிறந்த அவர் ஜோத்பூரின் ஜஸ்வந்த் கல்லூரியில் இளநிலை பயின்று, பம்பாய் ராயல் அறிவியல் நிறுவனத்தில் தொடர்ந்து, பிரிஸ்டலில் செசில் பவலிடம் முனைவர் பட்டம் பெற்றார். ஜோத்பூர்க் கல்லூரியை அறிவியல் உலகம் அறிந்திருக்கவில்லை. எனவே இளநிலைக் கல்லூரியே விதி என்று சொல்வதும் மிகை. சிறிய துறையில் பயின்றவரும் இரண்டாவது படியில் ஈடுகட்டலாம். ஆனால் அந்த இரண்டாவது படி எங்கே இருக்கிறது என்று காட்டுபவர் முதற்படியில் இருந்தாக வேண்டும்.

அவ்வாறு காட்டியவர்களுள் சென்னை லயோலாக் கல்லூரியின் அருள்தந்தை ஷார்ல் ரசீன் தலைசிறந்தவர். பாரிஸில் எலீ கர்த்தானிடம் கணிதம் பயின்ற இந்த இயேசு சபைத் துறவி, 1939 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுகள் லயோலாவில் பணியாற்றினார். கல்லூரி 1925இல்தான் தொடங்கப்பட்டது. மாநிலக் கல்லூரியின் வயதோ வளமோ அதற்கு இல்லை. ஆனால் பிரான்சில் புதிதாக எழுந்துகொண்டிருந்த கணிதத்தை அவர் அறிந்திருந்தார். தம் மாணவருள் ஆர்வமுள்ளோரை அரசுத் தேர்வுகளின் பக்கம் போகவிடாமல் ஆராய்ச்சிக்குத் திருப்பினார். கே.ஜி. இராமநாதன், எம்.எஸ். நரசிம்மன், சி.எஸ். சேஷாத்ரி, சி.பி. இராமானுஜம் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். நரசிம்மனும் சேஷாத்ரியும் 1953இல் டாட்டா நிறுவனத்தில் சேர்ந்தனர். இருவர் பெயராலும் வழங்கும் தேற்றம் வெளியானது 1965இல். கோலாரின் நியூட்ரினோ பதிவான அதே ஆண்டு, அதே நிறுவனத்திலிருந்து. வட ஆர்க்காட்டுச் சிற்றூரான தண்டரையிலிருந்து வந்தவர் நரசிம்மன். தங்கவயல் லைன் வீடுகளின் பல குடும்பங்களுக்குப் பூர்விகமும் அதே மாவட்டம்தான்.

லயோலாவின் எடுத்துக்காட்டில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. அத்துறையின் பெருமை பெரும்பாலும் ஒருவரைச் சார்ந்திருந்தது. அத்தகைய ஆசிரியர் ஓய்வுபெற்றபின்னும் பெயர் மட்டும் இருபது ஆண்டு நிற்கும். இது எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தும். மாமன், சித்தப்பன் காலத்துப் புகழை நம்பி விண்ணப்பிப்பவர், போய்விட்ட ஆசிரியரிடம் படிக்கச் செல்கிறார்.

சிலருக்குத் துறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருந்ததில்லை. திருத்தணியில் பிறந்து வேலூர் ஊரிசுக் கல்லூரி வழியே சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குச் சென்ற எஸ். இராதாகிருஷ்ணன் தத்துவத்தை எடுத்ததற்குக் காரணம், உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் பாடநூல்களை இலவசமாகத் தந்தது. இதைச் சொல்லி நகைப்போர், இன்றைய மாணவர்களும் அண்ணன் படித்த ஊர், அத்தை வீடிருக்கும் ஊர், கட்டணம் குறைந்த இடம் என்றே தேர்கின்றனர் என்பதை மறந்துவிடுகின்றனர். வறுமை இடும் கட்டளையை அறியாமை என்று பேரிடுவது சரியன்று.

விடுதலைக்குப் பின் கல்லூரிகள் பெருகின. கோத்தாரி ஆணையம் பரிந்துரைத்த தன்னாட்சி, 1978இல் சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் கீழிருந்த சில கல்லூரிகளுக்குக் கிடைத்தது. பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கவும் வினாத்தாளைத் தாமே அமைக்கவும் அவை உரிமை பெற்றன. 1994இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தேசிய மதிப்பீட்டுக் குழுவான நாக் தோன்றியது. 2016இல் நடுவண் அரசின் முதல் தரவரிசைப் பட்டியல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு முதல் கல்லூரிகளுக்கும் தனிப்பட்டியல் வரலாயிற்று. இவற்றால் பயனில்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் நாக் தரும் எழுத்து கல்லூரி முழுமைக்கும் உரியது. ‘ஏ பிளஸ் பிளஸ்’ பெற்ற கல்லூரியில் வணிகவியல் துறை சிறந்தும் இயற்பியல் துறை நொடித்தும் இருக்கலாம். அந்த எழுத்து இரண்டையும் ஒரே போர்வையால் மூடிவிடும். 1904ஆம் ஆண்டுச் சட்டம் பாடம் பாடமாகப் பார்த்தது. நாக் கல்லூரியை மொத்தமாகப் பார்க்கிறது.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. உயிரித் தொழில்நுட்பத் துறை 2008இல் தொடங்கிய ‘ஸ்டார் காலேஜ்’ திட்டம், இளநிலை அறிவியல் துறைகளைப் பெயர் குறித்து, அவற்றின் செய்முறைக் கல்விக்காக நிதி வழங்குகிறது. ஒரு கல்லூரியில் எந்தெந்தத் துறை அந்நிதியைப் பெற்றது என்று பார்ப்பது, கல்லூரியின் ஒட்டுமொத்த எழுத்தைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கைக்கு அங்கிருந்து மாணவர் யாரேனும் சென்றனரா, ஐ.ஐ.டி.களின் முதுநிலைச் சேர்க்கைத் தேர்வான ‘ஜாம்’ எழுதித் தேறியவர் உண்டா என்பனவும் அவ்வகையின. மேதை ஒருவரின் படத்தைச் சுவரில் மாட்டுவது எளிது. ஆண்டுக்கு இருவராவது அடுத்த படிக்குச் செல்வதை எவரும் பொய்யாகக் காட்டமுடியாது. பெயர் கேட்டால் சொல்லியாக வேண்டும்.

தங்கவயல் மாணவர்க்கு இன்னும் ஒரு தனிச்சிக்கல் உண்டு. அவர் இரு மாநிலக் கல்வி முறைகளின் நடுவே நிற்கிறார். மேற்கே பெங்களூர்; கிழக்கே வாணியம்பாடி, திருப்பத்தூர், வேலூர். தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. இயற்பியல் என்றால் இயற்பியலே முதன்மை; கணிதமும் வேதியியலும் துணைப்பாடங்கள். கர்நாடகத்தின் பழைய முறையில் மூன்று பாடங்கள் சமமாக வரும். இயற்பியல், வேதியியல், கணிதம் சேர்ந்தது ‘பிசிஎம்’, வேதியியல், தாவரவியல், விலங்கியல் சேர்ந்தது ‘சிபிஇசட்’. முன்னதில் ஆழம் கூடும். பின்னதில் பின்னால் பாதை மாற்றிக்கொள்ளும் வசதி கூடும். 2021இல் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி நான்காண்டு ஆனர்ஸ் முறைக்கு மாறிய கர்நாடகம், 2024-25ஆம் கல்வியாண்டில் மூன்றாண்டுக்கே திரும்பிவிட்டது. கல்லூரியின் பெயரைக் கேட்பவர்கள், எந்த ஆண்டின் பாடத்திட்டம், எத்தனை முதன்மைப் பாடம், செய்முறைக்கு வாரத்தில் எத்தனை மணி என்று கேட்பதில்லை. முன்னதைவிடப் பின்னவை மூன்றும் மாணவரின் வாழ்க்கையை மிகுதியாகத் தீர்மானிக்கின்றன.

ஊரிகத்திலிருந்து பெங்களூர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் விடியற்காலை ரயிலில் வேலைக்குச் செல்வோர் பெருகினர். படிக்கச் செல்வோரும் அவர்களோடு நின்றுகொண்டு பயணம் செய்கின்றனர். வேதியியல் பகுப்பாய்வு பாதியில் நிற்கும்போது மாலை வண்டியின் நேரம் வந்துவிடும். நாள்தோறும் போய்வரும் மாணவர்க்குச் சிறந்த ஆய்வுக்கூடம் மாலை ஐந்து மணிக்குப் பின் திறந்திருந்து பயனில்லை. அவர்க்கு, உள்ளூர்க் கல்லூரியின் எளிய ஆய்வுக்கூடத்தில் பகல் முழுதும் கிடைக்கும் ஒரு நுண்ணோக்கி மேலானதாக இருக்கக்கூடும். எந்தத் தரவரிசையும் ரயில் அட்டவணையைக் கணக்கில் கொள்வதில்லை. மறுபுறம், கர்நாடக அரசுக் கல்லூரிகள் பலவற்றில் பாடம் நடத்துவோருள் பெரும்பகுதியினர் கௌரவ விரிவுரையாளர்கள்; ஆண்டுதோறும் பணி புதுப்பிக்கப்படுமா என்று காத்திருப்பவர்கள். அவர்களுள் சிறந்த ஆசிரியர்கள் உண்டு. ஆனால் மூன்றாண்டுக்கு ஒரு மாணவனைக் கண்காணித்து, பரிந்துரைக் கடிதம் எழுதித்தரும் நிலையில் அவர்களை அரசு வைத்திருக்கவில்லை. ஒரு துறையில் நிலையான ஆசிரியர் எத்தனைபேர் என்பது கேட்கக் கூச்சமான கேள்வியன்று. 1904இலேயே சட்டம் கேட்ட கேள்விதான்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு நாள் செலவிட்டு நேரில் போய்வருவது இதற்கெல்லாம் பழைய வழி. சேர்க்கை அலுவலகத்தில் கேட்டால் விளம்பரத்தாளே கிடைக்கும். ஆய்வுக்கூடத்தின் உதவியாளரிடம் பேசினால் கருவிகளின் உண்மை நிலை தெரியும்; எந்த அலைவுகாட்டி மூன்றாண்டாகப் பழுதாகிக் கிடக்கிறது என்பதை முதல்வரைவிட அவரே நன்கு அறிவார். இரண்டாம் ஆண்டு மாணவரின் செய்முறைப் பதிவேட்டை வாங்கிப் புரட்டலாம். அளவீடுகள் எல்லாரிடத்தும் ஒரே எண்ணாக இருந்தால், அங்கே கருவி தொடப்படவில்லை, சென்ற ஆண்டுப் பதிவேடு நகலெடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பிழையோடு கூடிய, அடித்துத் திருத்திய அளவீடுகள் இருந்தால் அத்துறையை நம்பலாம். தங்கவயலின் ஆழத்தில் வாரக்கணக்கில் சுழி என்று பதிவுசெய்த ஏடும் அவ்வகையைச் சேர்ந்ததே.

அந்த ஆய்வகம் இப்போது இல்லை. நியூட்ரினோவுக்குப் பின், புரோட்டான் சிதைகிறதா என்று அறிய 1980இல் 140 டன் இரும்பைக் கொண்ட உணர்கருவி 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் நிறுவப்பட்டது. 1985 முதல் 260 டன் எடையுள்ள மற்றொன்றும் இயங்கியது. 1990களின் தொடக்கத்தில் சோதனைகள் நின்றன. சுரங்கம் மூடியபின் நீர் இறைக்கும் இயந்திரங்களும் நின்று, ஆழத்துத் தளங்களில் நீர் நிறைந்துவிட்டது. அச்சோதனைகளின் தரவுகளைத் தாங்கிய கட்டுரைகள் இன்று எந்தக் கைபேசியிலும் தேடிப் படிக்கக்கூடியவை. மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் காலை வண்டியில் பங்காருப்பேட்டை வந்து சேர்வதற்குள் முதற்கட்டுரையை முழுதும் படித்துவிடலாம். அது மிகச் சிறியது.